ரவுட்டர் பக்கத்தில் இருக்கிற சொற்களுக்கெல்லாம் என்ன அர்த்தம்? வீட்டு வைஃபைக்கு ஒரு முழு வழிகாட்டி

"நெட் ஸ்லோவா இருக்கு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "நெட்டா, வைஃபையா?" என்றுதான். இரண்டும் ஒன்றுதானே என்று முறைப்பார்கள். ஒன்று கிடையாது. உங்கள் போனுக்கும் ஹாலில் மாட்டியிருக்கிற பெட்டிக்கும் நடுவில் காற்றில் போய்வருவது வைஃபை. அந்தப் பெட்டியிலிருந்து கேபிள் வழியாக வெளியே போவது இன்டர்நெட். இந்த வித்தியாசம் தெரியாமல் கம்பெனிக்காரனைத் திட்டி, பிளானை 100இலிருந்து 300க்கு ஏற்றி, மாதாமாதம் கூடுதலாகக் காசு கட்டி, அப்புறமும் படுக்கையறையில் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிற வீடுகள் நிறைய.

இதைப் படிக்கும்போது கையில் போன் இருக்கட்டும், முடிந்தால் ஒரு லேப்டாப்பும். சொற்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்து ஒரு பிரயோஜனமும் இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டியில் ஆரம்பித்து, அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய், எந்தச் சொல் எதிரில் வருகிறதோ அதை அந்த இடத்திலேயே பார்த்துக்கொண்டு போகலாம்.

படி 1: பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

எல்லோரும் அதை "மோடம்" என்றுதான் சொல்கிறோம். ஆனால் ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் அந்த ஒரே பெட்டிக்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன. கண்ணாடி இழையில் ஒளியாக வருகிற தகவலை மின்குறியாக மாற்றுவது ஓ.என்.டி. ஒரே இணைப்பை வீட்டில் இருக்கிற எல்லாக் கருவிகளுக்கும் பங்கிட்டு, யார் கேட்டது யாருக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது ரவுட்டர். பின்பக்கம் கேபிள் செருகுகிற துளைகள் வரிசையாக இருக்கின்றனவே, அவற்றை ஒன்றோடொன்று இணைப்பது ஸ்விட்ச். வைஃபை அலையைக் காற்றில் விடுகிற ரேடியோ பகுதிக்கு ஆக்சஸ் பாயின்ட், சுருக்கமாக ஏ.பி.

இதைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம், நீங்களாகக் காசு கொடுத்து ஒரு நல்ல ரவுட்டர் வாங்கி கம்பெனி கொடுத்த பெட்டியோடு சேர்க்கும்போதுதான் வரும். அப்போது வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் இருக்கும், இரண்டும் தனித்தனியாகப் பங்கிட ஆரம்பிக்கும், போனில் இருந்து பிரிண்டர் தெரியாது, ஆன்லைன் கேம் இணைப்பு தகராறு பண்ணும். தீர்வு இரண்டில் ஒன்று: பழைய பெட்டியை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றி அதன் ரவுட்டர் வேலையை நிறுத்துவது, அல்லது புதியதை 'ஏ.பி. மோடு'க்கு மாற்றி வைஃபையை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்வது. இரண்டாவது சுலபம், கம்பெனியிடம் கேட்க வேண்டியதில்லை.

விளக்குகள்: 'பான்' பச்சையில் அசையாமல் எரிந்தால் ஒளி வருகிறது. 'லாஸ்' சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளி வரவில்லை, எங்கோ இழை அறுந்திருக்கிறது அல்லது மடிந்திருக்கிறது. அப்போது பெட்டியை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் ஒன்றும் நடக்காது, புகார்தான் வழி. 'லேன்' என்பது வீட்டுக்குள் இருக்கிற வலை, 'வேன்' என்பது வெளியே போகிற பக்கம், 'டபிள்யூலேன்' என்பது வீட்டு வலையின் கம்பியில்லாப் பகுதி, அதாவது வைஃபை.

பின்பக்கத் துளைகளைப் பற்றி இன்னொன்று. சில பழைய, மலிவான பெட்டிகளில் அந்தத் துளைகள் 100 எம்பிபிஎஸ்தான் தாங்கும். நீங்கள் 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டு, கேபிள் செருகி ஸ்பீடு டெஸ்ட் செய்தால் 94, 95க்கு மேல் நகரவே நகராது. எப்போது பார்த்தாலும் 94லேயே நின்றால் வேறு எங்கும் தேடாதீர்கள், அந்தத் துளையோ, உள்ளே ஒரு கம்பி அறுந்த கேபிளோதான் காரணம்.

படி 2: குற்றவாளி காற்றா, கேபிளா

செட்டிங்ஸ் பக்கம் திறப்பதற்கு முன்பு இதைச் செய்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை இங்கேயே தெரிந்துவிடும். லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ட் (கட்டளைகளை அடிக்கிற திரை) திறந்து 'பிங்' கட்டளையைக் கொடுத்து, பக்கத்தில் உங்கள் ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. போனில் செய்வதென்றால் பிங் ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அது ஒரு சின்னத் தகவலை ரவுட்டருக்கு அனுப்பி, பதில் திரும்பிவர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று காட்டும். இந்தத் தாமதத்துக்குப் பெயர் லேட்டன்சி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சில மில்லி செகண்ட்தான் வர வேண்டும். 3, 2, 4, 3 என்று வந்தால் வைஃபை நன்றாக இருக்கிறது. 3, 180, 12, 410 என்று குதித்தால் அந்த ஏற்ற இறக்கம்தான் ஜிட்டர். வாட்ஸ்அப் வீடியோ காலில் குரல் ரோபோ மாதிரி உடைவது பெரும்பாலும் இதனால்தான். நடுநடுவே பதிலே வராமல் போனால் பாக்கெட் லாஸ். இவை ரவுட்டர் வரைக்கும் போய்வருவதிலேயே இருந்தால் இன்டர்நெட் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து அதே பிங்கை 8.8.8.8க்கு அனுப்புங்கள், இது கூகுள் வைத்திருக்கிற முகவரி. ரவுட்டருக்குப் போய்வருவது சீராக இருந்து, இதற்கு மட்டும் குதித்தால், இப்போது கம்பெனிக்காரரைத் தாராளமாகக் கூப்பிடலாம்.

இங்கேயே பிட், பைட் விஷயத்தையும் முடித்துவிடலாம். பிளானில் 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 100 மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது திரையில் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், ஆகவே 100 எம்பிபிஎஸ் பிளானில் அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் வரும். யாரும் ஏமாற்றவில்லை.

படி 3: உள்ளே நுழைவது

பிரவுசரில் அந்த 192.168 முகவரியை அடித்தால் லாகின் பக்கம் வரும். இந்த முகவரிக்கு கேட்வே என்றும் பெயர், வீட்டை விட்டு வெளியே போகிற எல்லாத் தகவலும் இதன் வழியாகத்தான் போகும். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இந்த அட்மின் பாஸ்வேர்டு வேறு. ஸ்டிக்கரில் பயனர் பெயர், பாஸ்வேர்டு இரண்டுமே 'அட்மின்' என்று போட்டிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

வீட்டில் இருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி, அதாவது தகவல் வந்துசேர ஒரு எண் முகவரி, வேண்டும். கையால் யாரும் கொடுப்பதில்லை, ரவுட்டருக்குள் இருக்கிற டிஎச்சிபி என்கிற பகுதி, கருவி வந்து சேர்ந்தவுடன் காலியாக இருக்கிற ஒரு முகவரியைக் குறிப்பிட்ட நேரத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கிறது. "கனெக்டட்" என்று காட்டுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை, விண்டோஸில் போய்ப் பார்த்தால் முகவரி 169.254 என்று ஆரம்பிக்கிறது என்றால் அந்தக் குத்தகை கிடைக்கவில்லை என்று அர்த்தம். அது கருவி தானாக வைத்துக்கொண்ட முகவரி. வைஃபையை அணைத்துப் போடுங்கள், சரியாகாவிட்டால் ரவுட்டரை. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணைத் தேடித் தருகிற சேவை. வாட்ஸ்அப் ஓடுகிறது, பிரவுசரில் மட்டும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வெளியே இருந்து பார்த்தால் உங்கள் வீட்டுக் கருவிகள் அனைத்துக்கும் ஒரே முகவரிதான். ரவுட்டர் செய்கிற இந்த முகவரி மாற்று வேலைக்கு நேட் என்று பெயர். கம்பெனியும் தன் பக்கத்தில் இன்னொரு தடவை இதையே செய்து, நிறைய வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுத்தால் அது சிஜிநேட். ரவுட்டர் பக்கத்தில் 'வேன் ஐபி' என்ற இடத்தைப் பாருங்கள், அது 100.64இலிருந்து 100.127க்குள் ஆரம்பித்தால் நீங்கள் சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். சிசிடிவி வைத்திருக்கிறவர்கள் "போர்ட் ஃபார்வர்டிங் போட்டுட்டேன், வெளியூர்ல இருந்து கேமரா தெரியல" (போர்ட் ஃபார்வர்டிங் என்பது வெளியிலிருந்து வருகிற அழைப்பை வீட்டுக்குள் ஒரு குறிப்பிட்ட கருவிக்குத் திருப்பிவிடுவது) என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். கேமரா கம்பெனியின் கிளவுடு வழியாகப் பார்ப்பது, இல்லையென்றால் காசு கட்டி ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கே உங்களுக்கான, மாறாத பொது முகவரி) வாங்குவது, இரண்டு வழிதான்.

படி 4: பெயர்

வைஃபை லிஸ்டில் தெரிகிற பெயர்தான் எஸ்எஸ்ஐடி. 32 பைட் வரை வைக்கலாம். தமிழில் வைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: இப்போதைய ரவுட்டர்கள் பல அனுமதிக்கின்றன, ஆனால் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் போகும். அதுவும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிகளாகக் கணக்கில் வரும். 'எங்கள் வீடு' என்பதை எடுத்துக்கொண்டால் பத்துக் குறிகள், நடுவில் ஒரு இடைவெளி, மொத்தம் 31 பைட். சரியாக உள்ளே அடங்கும். 'எங்கள் வீடுதான்' என்று ஆசைப்பட்டால் இடம் கிடையாது. பழைய டிவி, பிரிண்டர் எல்லாம் தமிழ்ப் பெயரைக் கட்டம் கட்டமாகக் காட்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயரை மறைத்து வைக்கிற வசதி ஒன்று இருக்கும். பாதுகாப்புக்கு அதனால் பயன் இல்லை. ஏற்கெனவே சேர்ந்த போன்கள் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒட்டுக்கேட்பவருக்கு அது தெரிந்துவிடும்.

ஒவ்வொரு கருவியின் ரேடியோவுக்கும் 12 எழுத்துகள் கொண்ட ஒரு அடையாள எண் உண்டு, அதுதான் மேக் முகவரி. ஏ.பி.யின் மேக் முகவரிக்குப் பெயர் பிஎஸ்எஸ்ஐடி. ஒரே பெயரில் வீட்டில் மூன்று ஏ.பி. இருந்தால், இப்போது போன் எதோடு ஒட்டியிருக்கிறது என்று இதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேக் ஃபில்டர் போட்டு "நம்ம வீட்டு போன் மட்டும்தான் சேரணும்" என்று பூட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக்கைக் காட்டுகின்றன. போனில் அந்த வைஃபையை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தால் எண் மாறிவிடவும் கூடும், உங்கள் போனையே உங்கள் ரவுட்டர் வெளியே நிறுத்தும்.

படி 5: பேண்ட், சேனல், அகலம்

இந்த இடத்தில்தான் நிதானமாக உட்கார வேண்டும்.

வைஃபை ஓடுகிற அலைவரிசைத் தொகுதிதான் பேண்ட். மூன்று இருக்கின்றன: 2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸ். 2.4 சுவர்களைத் தாண்டி தூரம் போகும், வேகம் குறைவு, கூட்டம் அதிகம், ஏனென்றால் புளூடூத், வயர்லெஸ் மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 5 வேகமானது, சுவர் பட்டால் சோர்ந்துவிடும். 6 இன்னும் புதியது. அமெரிக்கா 2020இல் திறந்துவிட்டது, நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. வீட்டில் டிவி, லேப்டாப், போன் எல்லாவற்றையும் 5இல் போடுங்கள். ஸ்மார்ட் பல்பு, கேமரா, மோட்டார் ஸ்விட்ச் வகையறாக்கள் பெரும்பாலும் 2.4 மட்டுமே பேசும். இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, எந்தக் கருவி எதில் சேரலாம் என்று ரவுட்டரே முடிவு செய்வது பேண்ட் ஸ்டியரிங். வசதிதான், ஆனால் புது பல்பு சேரவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் சற்று நேரம் 5ஐ அணைத்துவிட்டு, பல்பைச் சேர்த்துவிட்டு, திரும்பப் போடுங்கள். வேலை முடிந்தது.

பேண்டுக்குள் இருக்கிற தடங்கள் சேனல்கள். 2.4இல் நம் ஊரில் 1 முதல் 13 வரை. இங்கேதான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். பக்கத்து பக்கத்துச் சேனல்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆனால் வைஃபை அலை ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். சேனல் 1இன் நடு 2412, சேனல் 3இன் நடு 2422. இரண்டும் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும். 1, 6, 11 (2412, 2437, 2462) இந்த மூன்றும்தான் ஒன்றையொன்று தொடாது. "எல்லாரும் 1லயும் 6லயும் இருக்காங்க, நான் 3ல போய் நிம்மதியா இருக்கேன்" என்று நினைத்தால் இரண்டு பக்கமும் அடி விழும். ஒரே சேனலில் இருப்பவர்களாவது ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிந்து, காத்திருந்து பேசுவார்கள். அரைகுறையாக மேலே விழுகிற சேனலில் இருப்பவருக்கு அது வெறும் இரைச்சல், பேச்சும் கெடும், திரும்பத் திரும்ப அனுப்பவும் வேண்டியிருக்கும்.

காத்திருந்து பேசுவது என்றேன் அல்லவா, வைஃபையின் அடிப்படையே அதுதான். பட்டிமன்றத்தில் ஒரே மைக்கைக் கை மாற்றிக் கை மாற்றிப் பேசுவது மாதிரி, ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், அது ரவுட்டரோ, போனோ, பக்கத்து வீட்டு டிவியோ. இதற்கு ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று பெயர், கிடைக்கிற பேசும் நேரத்துக்கு ஏர்டைம். மெதுவாகப் பேசுகிற பழைய கருவி ஒன்று இருந்தால் அது மைக்கை அதிக நேரம் பிடித்துக்கொள்ளும், உங்கள் புது போனும் சேர்ந்து காத்திருக்கும். அபார்ட்மென்ட்டில் ராத்திரி 9 மணிக்கு 2.4 திணறுவதற்குக் காரணம் உங்கள் பிளான் கிடையாது, அந்த நேரத்தில் எல்லா வீட்டு டிவியும் மைக்குக்குக் கை நீட்டுகிறது.

ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள எல்லா வைஃபையும் மேடு மேடாகத் தெரியும். 1, 6, 11இல் எதில் மேடு குறைவாக, தாழ்வாக இருக்கிறதோ அதை எடுங்கள். 12, 13 காலியாக இருக்கிறதே என்று போக வேண்டாம், வெளிநாட்டில் வாங்கிய சில கருவிகளுக்கு அந்தச் சேனல்கள் தெரியவே தெரியாது.

5இல் இடம் தாராளம். 36 முதல் 48 வரையும், 149இலிருந்து 165 வரையும் தொல்லை இல்லாதவை. நடுவில் இருக்கிற 52 முதல் 144 வரை டிஎஃப்எஸ் சேனல்கள்: ரேடார்களும் அந்த அலைவரிசையில் இயங்குவதால் ரவுட்டர் முதலில் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டு, ரேடார் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேச ஆரம்பிக்கும், நடுவில் ரேடார் கேட்டால் உடனே இடத்தைக் காலி செய்யும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் "5 கிகா திடீர்னு காணாம போய்த் திரும்ப வருது" என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

சேனல் விட்த் என்பது எத்தனை மெகாஹெர்ட்ஸ் அகலம் பிடிக்கலாம் என்பது. 20, 40, 80, 160 (வைஃபை 7இல், 6 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் 320 வரை). அகலம் கூடினால் வேகம் கூடும், ஆனால் இரைச்சலையும் சேர்த்தே அள்ளும், தூரம் குறையும். என் கருத்தில் 2.4இல் 20, 5இல் 80, இதை வைத்துவிட்டு மறந்துவிடலாம். 2.4இல் 40 வைப்பது இருக்கிற மூன்று தடத்தில் இரண்டை ஒரே வீடு அடைத்துக்கொள்வது, அக்கம்பக்கத்தாரோடு சண்டை போடத்தான் உதவும்.

படி 6: வீட்டைச் சுற்றி நடந்து அளப்பது

போனின் மேலே தெரிகிற கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த மாதிரி வரைகிறது. உண்மையான அளவு டிபிஎம் (சிக்னலின் சக்தியை அளக்கிற அலகு), அந்த அனலைசர் ஆப்பிலேயே தெரியும். ஆப்பிளின் மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைத் தொட்டால் ஆர்எஸ்எஸ்ஐ என்ற பெயரில் வரும்.

அது எப்போதும் மைனஸில் இருக்கும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ரவுட்டரைத் தொட்டுக்கொண்டு நின்றால் -30 வரும். -50 அருமை. -67 வரை வீடியோ கால் தடங்கல் இல்லாமல் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். -75இல் வாட்ஸ்அப் செய்தி போகும், வீடியோ தடுமாறும். -85க்குக் கீழே பெயர் மட்டும் தெரியும். இது சாதாரணக் கூட்டல் கணக்கு கிடையாது: 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது, 3 குறைந்தால் பாதியாகிறது. ஆகவே -30க்கும் -60க்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு என்று நினைக்காதீர்கள், ஆயிரம் மடங்கு.

அப்புறம் நாய்ஸ் ஃப்ளோர், அதாவது சூழலில் எப்போதும் இருக்கிற இரைச்சல், பொதுவாக -95 பக்கம். சிக்னலுக்கும் இதற்கும் இடைவெளிதான் எஸ்என்ஆர். சிக்னல் -65, இரைச்சல் -95 என்றால் எஸ்என்ஆர் 30, நல்லது. அதே -65 சிக்னல், இரைச்சல் -80 ஆகிவிட்டால் 15தான், போனில் கோடு முழுசாகத் தெரியும், வேகம் வராது. மைக்ரோவேவ் ஓடும்போது சமையலறையில் இதை நேரிலேயே பார்க்கலாம்.

ஹால், படுக்கையறை, சமையலறை, மாடி என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நேரம் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் எண் திடீரென்று 15, 20 விழுகிறது என்று கவனித்தால், அங்கே வழியில் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். நம் வீடுகளில் வழக்கமான எதிரிகள்: கம்பி கட்டிய கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி. ஃபைபர் போட வந்த தம்பி கேபிள் மிச்சம் பிடிக்க வாசலுக்குப் பக்கத்திலோ டிவி ஸ்டாண்டுக்குள்ளேயோ பெட்டியை வைத்துவிட்டுப் போயிருப்பார். நடு வீட்டில், ஆள் தலை உயரத்தில், பீரோவுக்கு முதுகு காட்டாத இடத்துக்கு அதை மாற்றினாலே புது ரவுட்டர் வாங்கிய மாதிரி இருக்கும்.

டிரான்ஸ்மிட் பவர் என்று ஒரு செட்டிங் வரும், அதைக் கூட்டினால் தீர்ந்துவிடாது. ரவுட்டர் சத்தமாகப் பேசினால் போனுக்குக் கேட்கும், போன் திரும்பப் பேசுவது ரவுட்டருக்குக் கேட்க வேண்டாமா? போனின் ரேடியோ சின்னது. முழுக் கோடு தெரிந்தும் போட்டோ அப்லோடு ஆகாமல் நிற்பது இதனால்தான்.

படி 7: அட்டைப்பெட்டியில் இருக்கிற எண்கள்

802.11 என்பது ஐஇஇஇ என்கிற பொறியாளர் அமைப்பு வகுத்த தரநிலை, முதலில் வந்தது 1997இல், வேகம் வெறும் 2 எம்பிபிஎஸ். அதற்குப் பின்னால் பி, ஜி, என், ஏசி, ஏஎக்ஸ் என்று எழுத்துகள் சேர்ந்து யாருக்கும் புரியாமல் போனதால், வைஃபை அலையன்ஸ் என்கிற நிறுவனங்களின் கூட்டமைப்பு 2018இல் எண்களாக மாற்றியது. என் என்பது வைஃபை 4 (2009), ஏசி என்பது வைஃபை 5 (2013), ஏஎக்ஸ் என்பது வைஃபை 6, அதுவே 6 கிகாஹெர்ட்ஸ் பேண்டிலும் பேசினால் 6இ, பிஇ என்பது வைஃபை 7. இதில் ஒரு சூட்சுமம்: வைஃபை 5 தரநிலை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும்தான். வைஃபை 5 ரவுட்டர் என்று வாங்கினாலும் அதன் 2.4 பேண்டில் ஓடுவது வைஃபை 4தான்.

ஏசி1200, ஏஎக்ஸ்3000 என்பதெல்லாம் விற்பனைக்காகப் போட்ட கூட்டல். 1200 என்பது 2.4இல் 300, 5இல் 867, இரண்டையும் கூட்டி மேலே ரவுண்டு செய்தது. 3000 என்பது 574, 2402. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு பேண்டில்தான் இருக்கும், ஆகவே அந்த மொத்தம் எந்தப் போனுக்கும் கிடைக்காது (இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிற எம்எல்ஓ வசதி வைஃபை 7இல்தான் வந்தது, போனும் ரவுட்டரும் இரண்டுமே 7ஆக இருக்க வேண்டும்).

ஒரே நேரத்தில் பல ஆன்டெனாக்களில் தனித்தனித் தகவலை அனுப்புவது மைமோ, ஒவ்வொன்றும் ஒரு ஸ்ட்ரீம். 2x2 என்றால் அனுப்ப இரண்டு, வாங்க இரண்டு. வைஃபை 5இல் 80 அகலத்தில் ஒரு ஸ்ட்ரீம் 433 எம்பிபிஎஸ், இரண்டு இருந்தால் 867. எட்டுக் கொம்பு முளைத்த ரவுட்டரை வாங்கினாலும் உங்கள் போன் 2x2 என்றால் இரண்டுதான் ஓடும்.

போனில் வைஃபை விவரத்துக்குள் போனால் லிங்க் ஸ்பீடு தெரியும். 433 என்று காட்டினால் 433 வராது, பேச்சு முறைக்கும் காத்திருப்புக்கும் போக, நிலைமை நன்றாக இருந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும். உங்கள் பிளான் 100 என்றால் அதுவே தாராளம், வைஃபை 7க்குக் காசைக் கொட்டாதீர்கள்.

படி 8: பூட்டு

செக்யூரிட்டி என்ற பகுதியில் ஒரு லிஸ்ட் வரும். ஓப்பன் என்றால் பூட்டே இல்லை. மற்றவை பூட்டின் வகைகள். டபிள்யூஇபி 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது, தொடாதீர்கள். அதற்குப் பிறகு வந்தவை டபிள்யூபிஏ (2003), டபிள்யூபிஏ2 (2004), டபிள்யூபிஏ3 (2018). எல்லாக் கருவியும் புதிது என்றால் 3, இல்லையென்றால் 2-3 கலப்பு, அதிலும் பழைய கருவி தகராறு செய்தால் 2, அதில் ஏஇஎஸ் என்கிற குறியாக்க முறை. பக்கத்தில் டிகேஐபி என்று இன்னொரு முறை இருந்தால் எடுக்க வேண்டாம், பாதுகாப்பும் பழசு, அதை வைத்தால் வேகமும் 54 எம்பிபிஎஸோடு நின்றுவிடும்.

பிஎஸ்கே அல்லது பெர்சனல் என்பது வீட்டுக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டு. என்டர்பிரைஸ் என்பது ஆளுக்கு ஒரு லாகின், கல்லூரி, ஆபீஸ்களில் பார்க்கலாம்.

பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை. நம் ஊரில் பத்து வீட்டில் பாதி வீடு செல்போன் நம்பரைத்தான் வைத்திருக்கும், அதைச் சொல்லியே ஆக வேண்டும். டபிள்யூபிஏ2இல் ஒரு போன் சேரும்போது ரவுட்டரோடு நடக்கிற நான்கு படிப் பேச்சைத் தெருவில் நின்றபடி பதிவு செய்துகொள்ளலாம். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுப் பக்கம் வரவே வேண்டாம், தன் கணினியில் வைத்து ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். இந்திய செல் எண்கள் 6, 7, 8, 9இல் ஆரம்பிப்பவை, மொத்தம் 400 கோடி சாத்தியம். நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்கிற கணினிக்கு அது சில மணி நேர வேலை. சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து எழுதுங்கள், 'முருங்கைக்காய்' என்பதை ஆங்கில எழுத்தில் நீங்கள் எழுதுகிற விதம் ஒன்றே போதும், இன்னும் மூன்று சொல் சேர்த்தால் யாராலும் முடியாது.

டபிள்யூபிஎஸ் என்பது பட்டனை அழுத்திச் சேர்க்கிற வசதி. இதன் 8 இலக்கப் பின் முறையில் பெரிய ஓட்டை இருப்பது 2011இல் வெளிவந்தது. ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் முடிந்துவிடும். அணைத்து வையுங்கள்.

கெஸ்ட் நெட்வொர்க்கை மட்டும் கட்டாயம் போடுங்கள். விருந்தாளி போனும் ஸ்மார்ட் பல்பும் அங்கே இருக்கட்டும், உங்கள் லேப்டாப்பையும் சிசிடிவியையும் அவை பார்க்க முடியாது. ரயில் நிலையத்தில் வைஃபை சேர்ந்ததும் ஓடிபி கேட்டு ஒரு பக்கம் வருகிறதே, அதற்கு கேப்டிவ் போர்ட்டல் என்று பெயர். ஓடிபி கேட்பதால் பாதுகாப்பானது என்று நினைத்துவிட வேண்டாம், காற்றில் அது ஓப்பன்தான்.

படி 9: மாடிக்கும் எட்ட வேண்டும் என்றால்

ரிப்பீட்டர் அல்லது எக்ஸ்டெண்டர், வருகிற அலையை வாங்கித் திரும்ப விடும். ஒரே ரேடியோவில் வாங்கவும் கொடுக்கவும் செய்தால் வேகம் பாதியாகும். சிக்னல் செத்த இடத்தில் அதை வைத்தால் செத்த சிக்னலைத்தான் திரும்ப விடும், -60, -65 இருக்கிற பாதி வழியில் வைக்க வேண்டும்.

மெஷ் என்பது இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே பெயரில், ஒன்றோடொன்று பேசி ஒரே வலையாக நடப்பது. பெட்டிகளுக்கு இடையே இருக்கிற இணைப்புக்கு பேக்ஹால். அது காற்றிலா கேபிளிலா என்பதில்தான் மெஷ்ஷின் உயிரே இருக்கிறது. வீடு கட்டும்போதே சுவருக்குள் ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிளை மாடிக்குக் கொண்டுபோயிருந்தால், ஆயிரக்கணக்கில் கொடுத்து மெஷ் வாங்காமல், மேலே ஒரு சாதாரண ஏ.பி. வைத்தாலே அதைவிட நன்றாக ஓடும். கட்டப் போகிறவர்கள் எலக்ட்ரீஷியனிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போன் தாவுவது ரோமிங். எப்போது தாவுவது என்று முடிவு செய்வது போன்தான், ரவுட்டர் கிடையாது, 802.11கே, வி, ஆர் என்பவை அதற்கு உதவிக் குறிப்பு கொடுக்கிற ஏற்பாடுகள். சில போன்கள் மாடிக்கு வந்த பிறகும் கீழ் பெட்டியையே பிடித்துக்கொண்டு தொங்கும், வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போட்டால் விட்டுவிடும்.

கடைசியாக, புகார் செய்யும்போது

இத்தனையும் பார்த்து வைஃபை சரி, வெளிப்பக்கம்தான் கோளாறு என்று தெரிந்தால், வெறுமனே "ஸ்லோ" என்று சொல்லாதீர்கள், கஸ்டமர் கேர் உங்களிடம் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லும், முடிந்தது. "கேபிளில் லேப்டாப்பை நேரடியாகச் செருகி டெஸ்ட் செய்தேன், இவ்வளவு வருகிறது, ரவுட்டருக்குப் பிங் 1 மில்லி செகண்ட், வெளியே பாக்கெட் லாஸ்" என்று சொல்லுங்கள். ரவுட்டர் பக்கத்தில் பான் அல்லது ஆப்டிகல் என்ற இடத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்று ஒரு எண் இருக்கும், அதையும் சொல்லுங்கள். அதுவும் டிபிஎம்தான், ஆனால் இது ஒளியின் அளவு, வைஃபை கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. வழக்கமான வீட்டு ஃபைபரில் -15இலிருந்து -25க்குள் இருந்தால் கவலை இல்லை, -27ஐத் தாண்டிக் கீழே போனால் எங்கோ இழை மடங்கியிருக்கிறது அல்லது இணைப்பில் அழுக்கு. அந்த எண்ணைச் சொல்லி லைன்மேனை அனுப்பச் சொல்லுங்கள். வந்தவுடன் அவரும் முதலில் பவர் மீட்டரை எடுத்து அளக்கப்போவது அதைத்தான்.